பெல்லோஸில் வெளிச்சம் கசிகிறதா: பூசுவதா, ஒட்டுப் போடுவதா, புதிதாகவே மாற்றுவதா?

பழைய 4×5 கேமரா (4×5 அங்குல ஷீட் ஃபிலிம் போடுவது) வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் ஒரு நெகட்டிவைச் செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் புகை படிந்தது போலக் கறுத்திருக்கும், பிரிண்டில் அதே இடம் வெளுத்துப் போயிருக்கும். கூடவே ஒரு கேள்வி வரும்: "பெல்லோஸ் போச்சுன்னு நினைக்கிறேன் சார், எதையாவது பூசிச் சமாளிக்கலாமா, இல்ல வெளிநாட்டுல இருந்து புதுசு வரவழைக்கணுமா?"

பெல்லோஸ் என்பது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் துருத்தி மாதிரி மடிந்து விரியும் துணி அல்லது தோல் கூடு. பெரும்பாலானவர்கள் அதிலுள்ள ஓட்டைகளை எண்ணி முடிவு செய்யப் பார்க்கிறார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. இருபது ஓட்டை இருந்தாலும் துணி உயிரோடு இருந்தால் ஒட்டுப் போட்டுப் பல வருஷம் ஓட்டலாம். மூன்றே ஓட்டைதான், ஆனால் தோல் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் இன்று அடைத்ததற்குப் பக்கத்தில் அடுத்த மாதம் ஒன்று திறக்கும். அதோடு நாம் இருப்பது சென்னை. குளிர்ப் பிரதேசத்தில் உட்கார்ந்து ஒருவர் பரிந்துரைக்கும் பசையும் பூச்சும் இங்கே மே மாத வெயிலில் என்ன ஆகும், ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

## முதலில், கசிவது பெல்லோஸ்தானா?

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நல்ல பெல்லோஸைக் கழற்றிவிட்டுப் பிறகு ஹோல்டரில்தான் (ஃபிலிம் ஷீட்டை வைத்துக் கேமராவின் பின்பக்கம் செருகும் சட்டம்) கோளாறு என்று தெரிய வந்தால் மனசு நொந்து போகும்.

ஃபிலிம் ஹோல்டர்களுக்கு நம்பர் எழுதி வையுங்கள். அந்தப் புகை மாதிரி மங்கல் குறிப்பிட்ட ஒரு ஹோல்டரில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் பெல்லோஸை விட்டுவிடலாம். ஹோல்டர் கசிவு பெரும்பாலும் டார்க் ஸ்லைடு (ஃபிலிமை மூடியிருக்கும் இழுப்புத் தகடு) நுழையும் வாய்ப்பக்கத்தில், ஃபிலிமின் விளிம்பிலிருந்து கோடு மாதிரி ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும். இன்னொன்று, பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் டார்க் ஸ்லைடை இழுக்கும் வேகத்தில் ஹோல்டர் ஒரு மயிரிழை விலகி, அந்த நொடியில் வெளிச்சம் உள்ளே போய்விடும். ஒரு கையால் ஹோல்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெதுவாக இழுத்து ஒரு ஷீட் எடுத்துப் பாருங்கள், மங்கல் காணாமல் போனால் செலவே இல்லை. லென்ஸ் போர்டு (லென்ஸ் பொருத்திய பலகை) அதன் இடத்தில் இறுக்கமாக உட்கார்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பெல்லோஸ் கசிவின் குணம் வேறு. அதற்குக் கூரான விளிம்பு இருக்காது, பரவலாகக் கிடக்கும். கேமராவை வெயிலுக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், பெல்லோஸை எவ்வளவு நீட்டினோம் என்பதைப் பொறுத்து இடமும் அளவும் மாறும். பிரிண்டில் வானத்துப் பக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் பெல்லோஸின் மேல்பக்கத்தைச் சந்தேகப்படலாம். கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுகிறது. மேலே இருக்கும் ஓட்டை வழியாக வரும் வெயில் ஃபிலிமின் அடிப்பகுதியில் விழும், அந்த அடிப்பகுதிதான் நமக்கு வானம்.

முக்கியமான இன்னொரு விஷயம், கசிவுக்கு ஷட்டர் வேகம் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் 1/60 நொடிக்குப் படம் எடுத்திருக்கலாம். ஆனால் டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டு மேகம் விலகட்டும் என்று அரை நிமிஷம் நின்றால், ஓட்டைக்குக் கிடைக்கும் நேரம் லென்ஸுக்குக் கிடைத்ததைப் போல 1800 மடங்கு. கண்ணுக்கே தெரியாத ஓட்டை படத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

சரி, ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு வழி இருக்கிறது, இரண்டையுமே செய்யுங்கள்.

ராத்திரியில், ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்த அறையில், பின்பக்கக் கிரவுண்ட் கிளாஸை (ஃபோகஸ் பார்க்கும் மங்கலான கண்ணாடி) கழற்றிவிட்டு ஒரு எல்இடி டார்ச்சை உள்ளே வைத்து, பின்வாயைக் கறுப்புத் துணியாலும் அட்டையாலும் மூடுங்கள். பெல்லோஸை அதன் கடைசி எல்லை வரை நீட்டுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷமாவது சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகாமல் பார்த்தால் பாதி ஓட்டை தெரியாது. இந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். பழகிய பிறகு ஒவ்வொரு மூலையையும் முன்னிருந்து பின்னாக, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். முன்பக்கத்தை ஏற்றி இறக்குங்கள், பக்கவாட்டில் திருப்புங்கள். சில ஓட்டைகள் அந்த அசைவில்தான் வாய் திறக்கும். தெரிந்த இடத்திலெல்லாம் தையல் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போங்கள். லென்ஸுக்கு மூடி போட்டு, பின்பக்கம் தலையை நுழைத்து, கறுப்புத் துணியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு உள்ளே பாருங்கள். வேறு யாராவது கேமராவை ஒவ்வொரு பக்கமாக வெயிலுக்குத் திருப்பிக் கொடுத்தால் நல்லது. டார்ச்சுக்குத் தப்பியது வெயிலுக்குத் தப்பாது.

ஃபிலிமில் உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தால், லென்ஸை மூடியே வைத்து, டார்க் ஸ்லைடைப் பாதி மட்டும் இழுத்து, கேமராவை வெயிலில் சில நிமிஷம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். திறக்காத பாதி ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இதற்கு நல்ல ஃபிலிமை வீணாக்க வேண்டாம், மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமை 4×5 அளவுக்கு வெட்டிப் போட்டாலே போதும், சிவப்பு விளக்கில் வைத்தே வெட்டலாம். போட்டோ பேப்பரில் சோதிக்காதீர்கள். அதன் வேகம் மிகக் குறைவு, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமைக் கெடுக்கும் கசிவுகூட அதில் பதியாமல் போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லாவற்றுக்கும் முதலில், துணியின் அல்லது தோலின் நிலை. டார்ச் சோதனையில் தனித்தனியாகப் புள்ளிகள் தெரிகின்றனவா, அல்லது ஒரு மடிப்பு முழுவதுமே மங்கலாக ஒளிர்கிறதா என்று பாருங்கள். புள்ளி என்றால் அங்கங்கே தேய்ந்திருக்கிறது. மடிப்பே ஒளிர்ந்தால் பூச்சு போய்விட்டது, அதை ஒட்டுப் போட்டு மீட்க முடியாது. அப்புறம் ஒரு மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக மடக்கி விரித்துப் பாருங்கள். விரலில் செம்பொடி ஒட்டினாலோ, மடக்கின இடத்தில் புதுப்புள்ளி ஒன்று முளைத்தாலோ தோலின் ஆயுள் முடிந்தது.

அடுத்து, நீங்கள் எவ்வளவு நீட்டுகிறீர்கள்? 90 மிமீ, 150 மிமீ லென்ஸ் மட்டும் வைத்துக் கோயில் கோபுரமும் பழைய கட்டடங்களும் எடுப்பவருக்கு பெல்லோஸ் பாதிகூட விரியாது. 300 மிமீ போட்டுப் போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கும், பொருளின் நிஜ அளவிலேயே நெருக்கத்தில் எடுப்பவருக்கும் முழு நீளமும் வேண்டும். நிஜ அளவு என்றால் ஃபோகல் லெங்த்தைப் போல இரண்டு மடங்கு நீட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மடித்தால் எவ்வளவு தடிமன். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பெல்லோஸில் இருபது மடிப்பு என்று வையுங்கள், மடிப்புக்கு இரண்டு பக்கம், ஆக நாற்பது. எல்லா மூலையிலும் 0.3 மிமீ தடிமனுள்ள டேப்பை ஒட்டினால் மூடும்போது அந்த மூலையில் 12 மிமீ கூடிவிடும். பெட்டி மாதிரி மூடுகிற மடக்குக் கேமரா அதோடு மூடாது. பலம் போட்டு அழுத்தினால் மூலைகள்தான் முதலில் பிய்யும்.

நான்காவது நம் ஊர்ச் சீதோஷ்ணம். ஐந்தாவது ஃபிலிம் விலை. பூச்சு நாற்பது ரூபாய்தான், ஆனால் அது பிடித்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் வீணாக்கும் ஷீட்டுகளையும், கசிவால் போன நல்ல படங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 25 ஷீட் கொண்ட ஒரு பெட்டியை இங்கே வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

## வழி 1: துணி போர்த்தி ஓட்டுவது

இது பழுது பார்ப்பதே அல்ல. கறுப்புத் துணியை பெல்லோஸின் மேலே போர்த்தி, ஸ்லைடை இழுத்ததும் உடனே எடுத்து, உடனே மூடிவிடுவது. நாளைக் காலையில் மயிலாப்பூரில் ஷூட்டிங் இருக்கிறது, இன்று ராத்திரிதான் ஓட்டை தெரிந்தது என்றால் இதுதான் வழி. ஓரிரண்டு ஓட்டைதான் என்றால் வெளியில் ஒரு துண்டு டேப்பும் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மின்சார இன்சுலேஷன் டேப்பை வெயிலில் விட்டுவைத்தால் பசை வழிந்து, டேப் ஒரு பக்கம் நழுவி, மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொள்ளும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் காற்றடிக்கும்போது துணி நிற்காது. லென்ஸ் முன்னால் பறந்து வந்து விழும். அதனால் இதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

## வழி 2: மேலே பூசுவது

கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட், ரப்பர் மாதிரி உலரும் திரவங்கள், சிலிக்கான், பசையில் கரிப்பொடி கலந்தது என்று பல வகை இருக்கிறது. எல்லாரும் முதலில் இங்கேதான் வருவார்கள், மலிவு, சுலபம், தூரிகையும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

இதில் நான் ஒத்துக்கொள்வது ஃபேப்ரிக் பெயின்ட் ஒன்றைத்தான், அதுவும் ஊசிமுனை அளவு ஓட்டைகளுக்கு மட்டும். பெல்லோஸை முழுதாக நீட்டி வைத்து, மிக மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று வையுங்கள். ஒரு நாள் முழுக்க விரித்தே வைத்துவிட்டு, முதல் இரண்டு ராத்திரி மடிக்கும்போது மடிப்புகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் துண்டுகளைச் செருகுங்கள். இந்தப் பட்டர் பேப்பரைச் சென்னையில் யாரும் விட்டுவிடக் கூடாது. வெளியே தொட்டால் காய்ந்தது போல இருக்கும் பூச்சு, மடித்து அழுத்திக் காரின் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தால் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும். அதைப் பிரிக்கும்போது பூச்சு மட்டும் உரியாது, அடியில் இருக்கும் பழைய தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அப்போது ஊசிமுனை ஓட்டை பட்டாணி அளவு ஓட்டையாகிவிடும்.

சிலிக்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சீலன்ட் பலதும் காயும்போது காடி வாடை அடிக்கும் வகை. அந்த அமிலம் பித்தளைப் பாகங்களை அரிக்கும். அதைவிட மோசம், சிலிக்கான் ஒரு முறை படிந்த இடத்தில் பிறகு எந்தப் பெயின்டும், எந்தப் பசையும் ஒட்டாது. நாளை ஒட்டுப் போடலாம் என்று மனசு மாறினாலும் வழி அடைபட்டுவிடும். அதே மாதிரி, வெள்ளை நிற மரப்பசையில் மை கலந்து பூசுவது காய்ந்ததும் விறைத்துப் போய், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். இரண்டும் வேண்டாம்.

துணி நல்ல நிலையில் இருந்து, ஓட்டைகள் சின்னதாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் பூசுவது போதும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வருஷா வருஷம் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

## வழி 3: மூலைகளுக்கு ஒட்டுப் போடுவது

என்னைக் கேட்டால் பழைய 4×5 வைத்திருக்கும் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் பொருத்தம். பெல்லோஸ் எப்போதும் மூலைகளில்தான் முதலில் தேய்கிறது, ஏனென்றால் அங்கே அட்டை கிடையாது, வெறும் துணிதான் மூன்று திசையில் மடங்கி மடங்கி விரிகிறது. பக்கங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூலைக்கு மட்டும் புதுத் தோல் கொடுத்துவிட்டால் மீதி எல்லாம் இன்னும் நாள் தாங்கும்.

துணி தேர்வுதான் பாதி வேலை. மெல்லிசாக இருக்க வேண்டும், வெளிச்சம் விடக் கூடாது, பளபளக்கக் கூடாது. கனமான பிளாக்அவுட் திரைத்துணி வெளிச்சத்தைத் தடுக்கும், ஆனால் மேலே சொன்ன தடிமன் கணக்கில் அடிபட்டுப் போகும். கோடவுன் தெரு பக்கம் போனால் டார்ச்சைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ள குடைத்துணி, மெல்லிய லைனிங் துணிகள் எல்லாவற்றையும் டார்ச்சின் மேல் இறுக்கி வைத்துப் பாருங்கள். கடைப் பையன், "என்னண்ணா, துணிக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?" என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும், வெளிச்சம் வராத துணி கிடைக்கும் வரை பாருங்கள். தோல்தான் வேண்டும் என்றால் பெரியமேடு. அங்கே ஆட்டுத்தோலில் லைனிங் ரகம் கேளுங்கள், கேட்கும்போதே அரை மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் செருப்புக்கும் பைக்கும் ஆகிற தடிமனைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

ஒட்டும் முறை இதுதான். ஒட்டப் போகும் இடத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துண்டுகளை நீள்வட்டமாக வெட்டுங்கள், சதுரமாக வெட்டினால் முனை முதலில் தூக்கிக்கொள்ளும். செருப்புக் கடைகளில் வைத்திருக்கும் ரப்பர் பசையை, அதாவது இரண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் உலரவிட்டு, பிறகு அழுத்துகிற வகையை, மெல்லிசாக இழுத்துத் தடவுங்கள். முதலில் கண்ணில் படாத ஒரு ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். செயற்கை ரெக்சின் பெல்லோஸில் அந்தப் பசையின் கரைப்பான் மேல்பூச்சையே கரைத்துவிடும் ஆபத்து உண்டு. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஒட்டிய பிறகு ஒரு ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்து, மூலையின் மடிப்பு எப்படிப் போகிறதோ அதே வாக்கில் துண்டும் மடங்குகிறதா என்று அப்போதே மடக்கி விரித்துப் பாருங்கள். பசை முழுவதும் இறுகிய பிறகு திருத்த முடியாது.

உள்பக்கமாக ஒட்டுவதா, வெளிப்பக்கமா? கை நுழைந்தால் உள்பக்கம். பின்வாய் அகலமாக இருப்பதால் பின்பாதி மூலைகளை எட்டிவிடலாம், முன்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் அங்கே வெளியில்தான் போட வேண்டியிருக்கும். உள்ளே ஒட்டுவதற்கு மினுமினுப்பு இல்லாத துணிதான் வேண்டும், இல்லையென்றால் அதிலிருந்து பிரதிபலிக்கும் வெளிச்சமே படத்தின் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துவிடும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு நேரம்தான். நான்கு மூலையும் இருபது மடிப்பும் என்றால் எண்பது சின்னத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமைகள் போகும். பொருளுக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. தோல் உதிர்கிற பெல்லோஸில் இதைச் செய்யாதீர்கள், பசை புதுத் துணியைப் பிடித்துக்கொள்ளும், பழைய தோல் பசையைப் பிடித்துக்கொள்ளாது.

## வழி 4: புதிது வாங்கி மாட்டுவது

சினார், கேம்போ, டோயோ மாதிரி மோனோரெயில் கேமரா (முன்பின் சட்டங்கள் ஒற்றைத் தண்டின் மேல் நகர்வது) என்றால் யோசிக்கவே வேண்டாம். அவற்றின் பெல்லோஸ் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் இருட்டறையில் டார்ச் உள்ளே வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பெல்லோஸுக்குப் பதிலாக இன்னொரு பழைய பெல்லோஸ் வாங்கி அதிலும் ஓட்டை இருந்த கதை நிறைய உண்டு.

மர ஃபீல்டு கேமராவும் மடக்குக் கேமராவும் வேறு கதை. அவற்றில் பெல்லோஸ் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காமில் அளவு கொடுத்தால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் ஆன்லைனில் வருகிறது. ஆர்டர் போடும்போது முன்சட்டம், பின்சட்டம் இரண்டுக்கும் உள்ளளவு, வெளியளவு, அதிகபட்ச நீளம், மடிப்புகளின் எண்ணிக்கை எல்லாம் கேட்பார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியது மடித்தால் எவ்வளவு தடிமனுக்குள் அடங்க வேண்டும் என்பதை. புது பெல்லோஸ் அழகாக வந்து, கேமரா மூடவில்லை என்றால் என்ன செய்வது? கூடவே, புதிதாக விறைப்பாக இருக்கும் பெல்லோஸ் அகலக் கோண லென்ஸ் போடும்போது முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஃபோகஸ் நிற்காது. 90 மிமீயே உங்கள் முக்கிய லென்ஸ் என்றால் இதைத் தெளிவாகப் பேசிவிட்டு வாங்குங்கள்.

விலைப் பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. அஞ்சல் கட்டணம், சுங்க வரி, கூரியர்காரர்கள் அதற்குமேல் போடும் கட்டணம், அடையாள ஆவணங்கள் கொடுத்து அலைவது, அளவு தவறினால் திருப்பி அனுப்ப முடியாத நிலை. பழையதைக் கழற்றும்போது கிழிக்காமல் கழற்றுங்கள். அளவுக்கும் மாதிரிக்கும் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. புதியது பொருந்துகிறது என்று உறுதியாகும் வரை அதைத் தூக்கிப் போடக் கூடாது.

## வழி 5: இங்கேயே செய்வது அல்லது செய்யச் சொல்வது

1940களில் ஆலப்புழையில் ஒரு ஸ்டூடியோக்காரர் தன் கேமராவின் பெல்லோஸைச் சரி செய்யச் சொல்லி இசைக்கருவி செய்யும் ஒருவரிடம் போனார். ஆர்மோனியத் துருத்தி செய்யத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கைதான். அந்தப் பட்டறையிலிருந்துதான் பிறகு அந்த இசைக்கருவிக்காரரின் மகன் கருணாகரன் செய்த வாகீஸ்வரி கேமரா வந்தது, தேக்கும் பித்தளையுமாக, நாடு முழுக்க ஸ்டூடியோக்களில் நின்றது. ஆகவே ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவரையோ, நல்ல புத்தக பைண்டரையோ தேடிப் போவது வீண் வேலை இல்லை. அட்டை, துணி, பசை, மடிப்பு நான்கும் அவர்கள் கையில் பழகியவை. ஆனால் ஆர்மோனியத்துக்குக் காற்று போகாமல் இருந்தால் போதும், நமக்கு வெளிச்சம் போகக் கூடாது. இதை டார்ச் அடித்துக் காட்டி விளக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், உள்பக்கம் மினுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

நீங்களே செய்வதாக இருந்தால் முதலில் சாதாரணக் காகிதத்தில் முழு அளவில் ஒன்று மடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே அளவுள்ள நேர் பெல்லோஸ் சுலபம். முன்னால் குறுகும் பெல்லோஸில் ஒவ்வொரு அட்டைத் துண்டும் வேறு வேறு நீளம், கணக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினால் கடைசி மடிப்பு வரும்போது எல்லாம் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வெளியே மெல்லிய தோலோ துணியோ, உள்ளே வெளிச்சம் விடாத கறுப்பு லைனிங், நடுவில் 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டையில் வெட்டிய பட்டைகள். அட்டை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். பட்டைகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், மூலை வரை கொண்டு போகாதீர்கள். இணைப்பு அடிப்பக்கத்தில் வரட்டும், வெயில் நேரே படாது. பசை முழுவதும் காய்வதற்கு முன்னால் மடிப்புகளைக் கையால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கனமான புத்தகத்தின் கீழே வைத்துவிட வேண்டும்.

பொருளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ஆகும். முதல் முயற்சி கேமராவுக்குப் போகும் தரத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு முறைக்கான துணியாக வாங்குங்கள். எங்கேயும் தயார் அளவில் கிடைக்காத ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் (பழைய கண்ணாடித் தகட்டு அளவுகள்) மரக் கேமராக்களுக்கு இதுதான் நல்ல வழி. பழைய கேமராவை அதன் மூலத் தோற்றத்தோடு காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கும் நிறத்தையும் தோலையும் தாங்களே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இதில்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கைச்செலவு | மறைந்திருக்கும் செலவு | நம் ஊர் வெயிலில் | யாருக்கு |
|---|---|---|---|---|
| துணி போர்த்துவது | இல்லை | ஒவ்வொரு படத்துக்கும் பதற்றம், காற்று | கவலை இல்லை | நாளைக்கே எடுக்க வேண்டியவருக்கு |
| பூசுவது | நூறு ரூபாய்க்குள் | மடிப்பு ஒட்டுவது, திரும்பத் திரும்பச் சோதனை | ஆபத்து அதிகம் | சில ஊசிமுனை ஓட்டை மட்டும் உள்ளவருக்கு |
| ஒட்டுப் போடுவது | சில நூறு | நேரம், கூடும் தடிமன் | சரியான பசை என்றால் தாங்கும் | மூலை மட்டும் தேய்ந்தவருக்கு |
| புதிது வாங்குவது | எல்லாவற்றிலும் அதிகம் | வரி, காத்திருப்பு, அளவுத் தவறு | நன்றாகத் தாங்கும் | மோனோரெயில்காரருக்கு, அடிக்கடி படம் எடுப்பவருக்கு |
| இங்கேயே செய்வது | ஆயிரக்கணக்கில் | முதல் முயற்சி வீணாவது | லைனிங், பசையைப் பொறுத்தது | அரிய அளவுக் கேமரா வைத்திருப்பவருக்கு |

அட்டவணையில் அடங்காத ஒரு நிலைமை உண்டு. பெல்லோஸ் முடிந்துபோனதுதான், ஆனால் புதிது வாங்கக் கையில் இப்போது பணம் இல்லை, படம் எடுப்பதையும் நிறுத்த மனமில்லை. அப்படிப்பட்டவர்கள் நீட்டும் நீளத்தைக் குறைத்துக்கொண்டு, 150 மிமீ ஒன்றோடு வேலை செய்துகொண்டு, துணி போர்த்தியே ஓட்டுங்கள். அந்த நேரத்தில் பூச்சு மேல் பூச்சாக அடுக்காதீர்கள். பின்னால் கழற்றி மாதிரியாக வைக்க வேண்டிய பெல்லோஸ் அது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் அளவு எடுக்கக்கூட முடியாது.

எந்த வழியில் போனாலும் முடித்த அன்று ராத்திரி அதே டார்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள், புதிதாக வாங்கி வந்ததையும் விடாதீர்கள். அதன் பிறகு கோடை உச்சத்தில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை பார்த்து, எந்த மூலையில் என்ன இருந்தது என்று ஹோல்டர் நம்பர் எழுதும் அதே நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே மூலை இரண்டு முறை நோட்டில் வந்தால் அந்த மூலைக்கு இனிப் பூச்சு வேண்டாம், ஒட்டுதான்.